ஆகஸ்ட்டில் பழுப்பது ஒன்று, நவம்பரில் பழுப்பது ஒன்று: தென் இத்தாலியின் சிவப்பு ஒயின் ரகங்கள்

கடை அலமாரியில் நான்கு பாட்டில்கள் நிற்கின்றன. ஒன்றில் ‘பிரிமிட்டிவோ டி மந்தூரியா’ என்றும், அடுத்ததில் ‘சாலிச்சே சலென்டினோ’ என்றும், மூன்றாவதில் ‘எட்னா ரோஸ்ஸோ’ என்றும், நான்காவதில் ‘தவுராசி’ என்றும் அச்சிட்டிருக்கிறது. நான்கும் தென் இத்தாலியின் சிவப்பு ஒயின்கள். ஆனால் முதல் பாட்டிலில் மட்டும்தான் திராட்சையின் பெயர் இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது ஓர் ஊர், மூன்றாவதில் ஒரு மலை, நான்காவதில் இன்னோர் ஊர். உள்ளே இருக்கும் திராட்சை எது என்று முன்பக்க லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இது முதல் குழப்பம். இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. தெற்கு என்றால் வெயில், வெயில் என்றால் இனிப்பேறிய பழம், ஆகவே அங்கிருந்து வருவதெல்லாம் கறுத்த, கெட்டியான, ஆல்கஹால் தூக்கலான ஒயின் என்ற எண்ணம். பிரிமிட்டிவோவுக்கு இது பெருமளவு பொருந்தும். எட்னாவுக்கும் தவுராசிக்கும் கொஞ்சமும் பொருந்தாது. ஏன் என்று புரிய வேண்டுமானால், எந்தத் திராட்சை எந்த மாதத்தில் பழுக்கிறது, எந்த உயரத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். தெற்கின் ரகங்களை வரிசைப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடிப்படை

1. திராட்சை ரகம் விதையால் தொடர்வதில்லை. விதை போட்டால் முளைப்பது புது ரகம். ஒரு ரகத்தைக் காப்பாற்ற, குச்சியை வெட்டி நட வேண்டும், அல்லது வேறு வேரில் ஒட்டுக் கட்ட வேண்டும். அதனால் இன்று ஒரு தோட்டத்தில் நிற்கும் அல்யானிக்கோ என்ற ரகத்தின் கொடி, பல நூற்றாண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரே தாய்க்கொடியின் தொடர்ச்சி.

2. பழம் பழுக்கும்போது சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. நொதிக்கும்போது சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறும். வெயில் அதிகமானால் சர்க்கரை வேகமாக ஏறும். இரவும் புழுக்கமாக இருந்தால் புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும்.

3. நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கின்றன, சாற்றில் இல்லை. சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடு ஊறவைப்பது இதற்காகத்தான். துவர்ப்பு என்றால் என்ன என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. பாக்கைக் கடித்தாலோ, நாவல்பழம் தின்றாலோ நாக்கு இழுக்குமே, அதேதான். அந்த இழுப்பைத் தரும் பொருளை ஒயின்காரர்கள் டேனின் என்கிறார்கள்.

4. மலையில் ஏற ஏற, 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. கடலோரத்தில் இருக்கும் தோட்டத்துக்கும் 900 மீட்டரில் இருக்கும் தோட்டத்துக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். தென் இத்தாலி சமவெளி அல்ல. அதன் நடுவில் அப்பென்னைன் மலைத்தொடர் ஓடுகிறது, இரண்டு மூன்று எரிமலைகளும் நிற்கின்றன. இதை மறந்தால் மீதி எதுவும் புரியாது.

பெயர்கள் ஏன் இத்தனை காலம் மறைந்திருந்தன?

பண்டைய கிரேக்கர்கள் தென் இத்தாலியின் ஒரு பகுதியை ‘ஒயினோத்ரியா’ என்று அழைத்தார்கள். திராட்சை அந்த மண்ணுக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் இந்த ரகங்களின் பெயர்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் வெளியே பரவலாகத் தெரிய வந்தன. அதற்குக் காரணம் ரகத்தின் குறை இல்லை, வணிகம்.

1860-களில் ஃபிலாக்சரா என்ற வேர் அசுவினி அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து, அங்கே கொடிகளை வேரோடு அழிக்கத் தொடங்கியது. பிரான்சில் ஒயின் பற்றாக்குறை. அந்த இடத்தை நிரப்பத் தெற்கில், குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலமான புல்யாவிலும் சிசிலித் தீவிலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சை நட்டார்கள். கல்லிப்போலி, பார்லெட்டா, ரிப்போஸ்டோ போன்ற துறைமுகங்களிலிருந்து ஒயின் பீப்பாய்கள் கப்பலேறின. அவை போய்ச் சேர்ந்ததும் வேறு ஒயினோடு கலக்கப்பட்டன. நிறமும் வலுவும் குறைந்த வடக்கத்திய ஒயினுக்கு இது முட்டுக்கொடுத்தது. இத்தாலியில் இதற்குப் பெயரே ‘வீனோ டா தால்யோ’, அதாவது கலப்பதற்கான ஒயின். கலந்துவிட்ட பிறகு திராட்சையின் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்?

1880-களின் இறுதியில் பிரான்சும் இத்தாலியும் மாறி மாறிச் சுங்கத்தை உயர்த்தியதில் இந்த வியாபாரம் ஒரேயடியாகச் சரிந்தது. பின்னர் ஃபிலாக்சராவும் தெற்கே வந்து சேர்ந்தது. ஆனாலும் கலப்பதற்கான ஒயின் என்ற வேலை மட்டும் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டு முழுக்க டேங்கர்களில் ஒயின் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அளவுதான் காசு என்றானதும், தாழ்வான புதர்போல் கவாத்து செய்யப்படும் ‘அல்பெரெல்லோ’ கொடிகளை விட்டுவிட்டு, பலர் பந்தல் முறைக்கு மாறினார்கள். புல்யாவில் அதைத் ‘தெந்தோனே’ என்பார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்குமேல் விரிந்திருக்கும் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் உடனே புரியும். விளைச்சல் பல மடங்கு, சாற்றின் செறிவு குறைவு.

அப்புறம் 1988-இல் ஐரோப்பிய அளவில் ஒயின் உபரியைக் குறைக்க, கொடிகளைப் பிடுங்குவோருக்குப் பணம் தரும் திட்டம் வந்தது. விவசாயிகள் எதைப் பிடுங்கினார்கள்? குறைவாகக் காய்த்த, கூலியாள் அதிகம் தேவைப்பட்ட, வயதான அல்பெரெல்லோ கொடிகளை. தரமான ஒயின் தரக்கூடியவையும் அவையே. தெற்கின் திராட்சை வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பை ஒரு பூச்சிகூட ஏற்படுத்தவில்லை என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் இறுதி: பிரிமிட்டிவோ

பெயரிலேயே இருக்கிறது: முதலில் பழுப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புல்யாவின் ஜோயா டெல் கோல்லே ஊரில் இந்தெல்லிகாட்டி என்ற பாதிரியார், தோட்டத்தில் கலந்து நின்ற கொடிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன்பே பழுப்பதைக் கவனித்து, அதைத் தனியே பிரித்து நட்டார். பெயர் அப்படி வந்தது.

இதன் கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். ஒரே கொத்தில் சில பழங்கள் உலர் திராட்சைபோல் சுருங்கியிருக்கும், சில சரியான பக்குவத்தில் இருக்கும், சில இன்னும் கெட்டியாக இருக்கும். எல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் பழுத்தவற்றில் சர்க்கரை எகிறிவிடும். மந்தூரியா ஒயின்களில் 14, 15 சதவீதத்துக்கு மேலும் ஆல்கஹால் இருப்பதற்கும், உலர் திராட்சை, பிளம் வாசனை வருவதற்கும் இதுவே காரணம். உள்நாட்டில், உயரமான சுண்ணாம்புக்கல் மேட்டில் இருக்கும் ஜோயா டெல் கோல்லேயின் பிரிமிட்டிவோவில் புளிப்பு கூடுதல், உடல், அதாவது வாயில் உணரும் கனம், சற்று மெலிது. இரண்டும் ஒரே ரகம் என்று நம்பச் சிரமமாக இருக்கும்.

அமெரிக்காவின் ஜின்ஃபண்டெல்லும் பிரிமிட்டிவோவும் ஒன்றா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. ஒன்றுதான். விடை கிடைத்த விதம் இப்படி:

1. 1967-இல் அமெரிக்கத் தாவர நோயியலாளர் ஆஸ்டின் கோஹீன் புல்யாவுக்குப் போனபோது, அங்கே குடித்த ஒயின் கலிஃபோர்னியாவின் ஜின்ஃபண்டெல்லை நினைவூட்டியது. கொடியைப் பார்த்தார், அதுவும் அப்படியே இருந்தது. குச்சிகளைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்தார்கள்.

2. 1990-களில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித் டிஎன்ஏ சோதனையால் இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

3. அப்படியானால் மூலம் எங்கே? இவான் பெயிச், எதி மலேதிச் என்ற குரோஷிய ஆய்வாளர்களோடு சேர்ந்து மெரிடித் தேடினார். 2001-இல், ஸ்ப்ளிட் நகருக்கு அருகே ஒரு பழைய தோட்டத்தில் ‘த்ஸர்ல்யெனாக் கஷ்டெலான்ஸ்கி’ என்ற பெயரில் நின்ற ஒரு சில கொடிகள் அதே டிஎன்ஏவைக் காட்டின.

4. அருங்காட்சியகத்தில் பாதுகாத்த ஒரு பழைய இலை மாதிரியோடு ஒப்பிட்டதில், அந்தக் கொடியின் இன்னொரு பழம்பெயர் ‘த்ரிபித்ராக்’ என்பது தெரிந்தது. அந்தப் பெயர் மத்தியக்கால ஆவணங்களிலேயே இருக்கிறது.

ஆக, ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி வந்த கொடிக்குப் புல்யா ஒரு பெயர் வைத்தது, கலிஃபோர்னியா வேறு பெயர் வைத்தது. திராட்சை உலகில் இது சாதாரணம். கம்பத்தில் நாம் பன்னீர் திராட்சை என்று சொல்வதும் ஐரோப்பாவின் மஸ்கட் ஹாம்பர்க் ரகமே. அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அதையே சிசிலியை அடுத்த பான்டெல்லேரியா தீவில் ‘சிபிப்போ’ என்று அழைக்கிறார்கள்.

செப்டம்பர்: நேரோ டாவோலாவும் நெக்ரோஅமாரோவும்

நேரோ டாவோலா என்றால் ‘ஆவோலாவின் கறுப்பு’. ஆவோலா, சிசிலியின் தென்கிழக்கு மூலையில் சிரக்கூசா பக்கத்தில் இருக்கும் ஊர். வெயிலைத் தாங்கும், அந்த வெயிலிலும் புளிப்பை ஓரளவு விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தீவு முழுக்கப் பரவியது. இதைத் தனியாகக் குடிப்பதைவிட ‘செரசுவோலோ டி வித்தோரியா’வில் குடிப்பது நல்லது என்பது என் கருத்து. அதில் பாதிக்கு மேல் நேரோ டாவோலா, மீதி ஃப்ரப்பாட்டோ என்ற இன்னொரு ரகம். ஒன்றின் உடலும் மற்றதன் பூ வாசமும் சேர்கின்றன. 2005-இல் டிஓசிஜி (இத்தாலிய ஒயின் முத்திரைகளில் மேல்படி) தகுதி பெற்ற இந்த ஒயின்தான் சிசிலியில் அந்தத் தகுதி பெற்ற ஒரே ஒயின்.

நெக்ரோஅமாரோ, இத்தாலிக் காலணியின் குதிகாலான சலென்டோவுக்கு உரியது. நெக்ரோ என்றால் கறுப்பு, அமாரோ என்றால் கசப்பு என்று நேரடியாகப் பொருள் கொள்வோர் உண்டு. பின்பகுதி கிரேக்கத்தின் ‘மாவ்ரோ’, அதுவும் கறுப்பு, ஆகவே கறுப்புக்குக் கறுப்பு என்போரும் உண்டு. குடித்து முடித்ததும் பின்நாக்கில் மெல்லிய கசப்பு தங்குவது மட்டும் உண்மை. சாலிச்சே சலென்டினோ பாட்டிலில் முக்கால் பங்காவது இருப்பது இதுவே. அதோடு மால்வாசியா நேரா என்ற ரகத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். தோலோடு சில மணி நேரம் மட்டும் ஊறவைத்துப் பிழிந்தால் இதே திராட்சை அருமையான ரோசே, அதாவது இளஞ்சிவப்பு, ஒயின் தரும். 1943-இல் லியோனே டி காஸ்ட்ரிஸ் நிறுவனம் பாட்டிலில் அடைத்த ‘ஃபைவ் ரோசஸ்’ அப்படி வந்தது.

சலென்டோவில் இன்னொரு ரகத்தையும் சொல்லியாக வேண்டும்: சூசுமனியெல்லோ. கழுதை என்று பொருள்படும் வட்டாரச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்கிறார்கள். இளங்கொடி கழுதை பொதி சுமப்பதுபோல் காய்த்துத் தள்ளும். பத்து ஆண்டு கடந்தால் காய்ப்பு திடீரெனக் குறையும், செறிவு ஏறும். அளவுக்குக் காசு கொடுத்த காலத்தில் இது கிட்டத்தட்ட மறைந்தே போனதில் வியப்பில்லை. வடக்குப் புல்யாவின் நேரோ டி த்ரோயா துவர்ப்பு மிகுந்தது, அக்டோபர் வரை காத்திருக்க வைப்பது. காஸ்டெல் டெல் மோண்டே வட்டாரத்தில் அதைத் தனியாகவே ஒயினாக்குகிறார்கள்.

அக்டோபர்: இரண்டு உடன்பிறப்புகள்

கலாப்ரியாவின் சிரோ கடற்கரையில் விளைவது கல்யோப்போ. எட்னா எரிமலைச் சரிவில் விளைவது நெரெல்லோ மஸ்கலேசே. இரண்டுக்கும் தாய் தந்தை ஒன்றே என்று டிஎன்ஏ ஆய்வு சொல்கிறது: ஒரு பக்கம் டஸ்கனியின் புகழ்பெற்ற சாஞ்சோவேசே, மறுபக்கம் கலாப்ரியாவின் மந்தோனிக்கோ பியாங்கோ என்ற வெள்ளை ரகம். இரண்டிலும் நிறம் வெளிறியது, துவர்ப்பு வலியது. கோப்பையில் பார்த்தால் மெலிந்த ஒயின் என்று தோன்றும், வாயில் வைத்தால் நாக்கைப் பிடிக்கும்.

இந்த வெளிறிய நிறம் கல்யோப்போவுக்குச் சோதனையாகிவிட்டது. கறுத்த ஒயினுக்கு மவுசு இருந்த காலத்தில், சிரோவின் விதியில் கல்யோப்போவின் கட்டாய அளவு 2010-இல் 80 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. கபர்னே, மெர்லோ போன்ற வெளியூர்த் திராட்சைகளுக்கு இடம் கிடைத்தது. சிறு விவசாயிகள் சிலர் இதை எதிர்த்து, முழுக்கக் கல்யோப்போவிலேயே ஒயின் செய்து காட்டினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். வெளிறிய நிறம் இந்தத் திராட்சையின் குறையல்ல, குணம். கபர்னே சேர்த்தால் நிறம் வரும், சிரோ போய்விடும்.

எட்னா கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். வடக்குச் சரிவில், ரண்டாட்சோவுக்கும் லிங்குவாகுளோஸ்ஸாவுக்கும் இடையே, 600 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை கருங்கல் படிக்கட்டு போலத் தோட்டங்கள் ஏறுகின்றன. எரிமலைக் குழம்பு ஆறிய கல்லையே அடுக்கிக் கட்டிய வரப்புகள் அவை. ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் ஒரு கம்பு, பெரும்பாலும் கஷ்கொட்டை மரத்தில் செதுக்கியது. உழுபொறி நுழைய இடமில்லை, எல்லாம் கையால். சில இடங்களில் கொடிக்கு நூறு வயதுக்கு மேல். ஃபிலாக்சரா மணற்பாங்கான எரிமலைச் சாம்பல் மண்ணில் பெருக முடியாததால், அந்தப் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

ஒவ்வொரு காலத்தில் ஓடிய குழம்பும் ஒவ்வொரு வயதுள்ள மண்ணைத் தந்திருக்கிறது. 1981-இல் ரண்டாட்சோ அருகே ஓடியது இன்றும் வெறும் கரும்பாறை. பல நூறு ஆண்டுக்கு முந்தையது பொடிந்து மண்ணாகியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களின் ஒயின் வேறாக இருப்பதற்குக் காரணம் காலடியில் கிடக்கிறது. அதனால்தான் ‘கொந்த்ராதா’ எனப்படும் சிறு நிலப்பிரிவுகளின் பெயரை லேபிளில் போட 2011-இல் விதி செய்தார்கள். அப்போது 133 பிரிவுகள் பட்டியலிடப்பட்டன. எட்னா ரோஸ்ஸோவில் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே இருக்க வேண்டும், கூட நெரெல்லோ கப்புச்சோ சேரலாம்.

சிசிலியில் டிஓசி என்ற பூர்வீக முத்திரையை முதலில் பெற்றது எட்னாதான், 1968-லேயே வந்தது. ஆனாலும் 1988-இல் ஜூசெப்பே பெனாந்தி தொடங்கிய ஒயின் முயற்சியும், 2000 வாக்கில் அந்திரேயா ஃபிராங்கெத்தி போன்றோர் வெளியிலிருந்து வந்து பாழடைந்த தோட்டங்களை வாங்கியதும் நடக்கும்வரை, எட்னாவின் பெயர் உலகச் சந்தையில் பெரிதாகப் பேசப்படவில்லை. கொடி அதுவே, மண்ணும் அதுவே.

நவம்பர்: அல்யானிக்கோ

கடைசியில் பழுப்பது, என் கணிப்பில் தெற்கின் மிகச் சிறந்த சிவப்புத் திராட்சை. கம்பானியாவின் ஆவெல்லினோ மலைப்பகுதியிலும், பசிலிக்காட்டாவின் அணைந்துபோன வூல்த்துரே எரிமலைச் சரிவிலும் அக்டோபர் இறுதி தொடங்கி நவம்பர் வரை இதைப் பறிக்கிறார்கள். அந்த நேரத்தில் மலையில் நன்றாகக் குளிர்ந்திருக்கும். அவசரப்பட்டுப் பறித்தால் துவர்ப்பு பச்சையாக, கரடுமுரடாக இருக்கும். காத்திருந்தால் மழைக்குப் பயப்பட வேண்டும். இதே ரகத்தைச் சூடான சமவெளியில் நட்டால் சீக்கிரம் பழுத்து, தன் தனித்தன்மையை இழக்கும்.

புளிப்பும் அதிகம், துவர்ப்பும் அதிகம் என்பதால் புது அல்யானிக்கோ கடினமான ஒயின். ஆண்டுகள் கழியக் கழியத் துவர்ப்புப் பொருட்கள் ஒன்றோடொன்று இணைந்து மென்மையாகின்றன. அல்யானிக்கோவில் செய்யும் தவுராசிக்கு விதியே அதுதான்: குறைந்தது மூன்று ஆண்டு காத்திருந்த பிறகே விற்க வேண்டும், ‘ரிசெர்வா’ என்றால் நான்கு. 1993-இல் டிஓசிஜி பெற்ற தவுராசி, தெற்கில் அந்தத் தகுதியை எட்டிய முதல் சிவப்பு ஒயின். மாஸ்த்ரோபெரார்தினோ குடும்பம் 1968-இல் செய்த தவுராசியை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அல்யானிக்கோ என்ற பெயர் ‘ஹெல்லெனிக்கோ’, அதாவது கிரேக்கத்தது, என்பதன் மருவல் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. டிஎன்ஏ சோதனைகளில் கிரேக்க ரகங்களோடு நெருங்கிய உறவு எதுவும் தெரியவில்லை. கதை அழகானது, ஆதாரம் இல்லை.

வெசூவியஸ் அடிவாரத்தில் இதற்குத் துணையாக நிற்பது பியேதிரோஸ்ஸோ, ‘சிவந்த கால்’. பழுக்கும்போது காம்பு செந்நிறமாகி, கொத்து புறாவின் காலைப்போல் தெரியும். ஊரில் அதைப் ‘புறாக்கால்’ என்றே சொல்கிறார்கள்.

லேபிளில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

1. டிஓசி என்பது 1963 சட்டத்தால் வந்த பூர்வீக முத்திரை: இன்ன எல்லைக்குள் விளைந்தது, இன்ன ரகம் இத்தனை சதவீதம். டிஓசிஜி அதற்கு மேல் படி. ஐஜிடி என்றால் விதி தளர்வு. தரம் குறைவு என்று பொருளல்ல.

2. ‘டி’, ‘டெல்’ என்ற சிறு சொல் நடுவில் வந்தால், பெரும்பாலும் முன்னால் இருப்பது திராட்சை, பின்னால் இருப்பது இடம். அல்யானிக்கோ டெல் வூல்த்துரே, பிரிமிட்டிவோ டி மந்தூரியா. நேரோ டி த்ரோயா விதிவிலக்கு. அங்கே முழுச் சொல்லும் ரகத்தின் பெயர்.

3. பாட்டிலின் ஓரத்தில் சிறிதாக இருக்கும் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். பிரிமிட்டிவோவில் 13.5 இருந்தால் முன்னதாகவே பறித்தது அல்லது உயரமான நிலம். 15.5 இருந்தால் மந்தூரியாவின் பழைய பாணி.

வெப்பம் ஏறினால்?

வெப்பம் ஏற ஏற அறுவடை நாட்காட்டி முழுவதும் முன்னால் நகர்கிறது. முதலில் அடிபடுவது பிரிமிட்டிவோ. ஏற்கெனவே ஆகஸ்ட்டில் பழுக்கும் ரகம் இன்னும் முன்னே போனால், ஆண்டின் கடும் வெயிலிலேயே பறித்தாக வேண்டும், சர்க்கரை கட்டுக்கடங்காது. அல்யானிக்கோ, நெரெல்லோ போன்ற தாமத ரகங்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஏனென்றால் அவை குளிரில் பழுத்துப் பழகியவை.

மிச்சமுள்ள வழி மேலே போவது. எட்னாவில் அது நடந்துகொண்டிருக்கிறது. 1,000 மீட்டருக்கும் மேலே கொடிகள் நிற்கின்றன. ஆனால் டிஓசி எல்லை 1968-இன் வெப்பநிலையை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அந்தக் கோட்டுக்கு மேலே விளையும் நெரெல்லோவை அதே எரிமலையில், அதே கல்வரப்புக்குள் பறித்தாலும் பாட்டிலில் எட்னா என்று எழுத முடியாது. ‘தெர்ரே சிசிலியானே’ போன்ற பொதுப் பெயரில்தான் விற்க வேண்டும்.